உட்காரும் வயது

வடகரை
24.6.2024

அன்புத் தம்பி பாண்டித்துரைக்கு,

அக்கா பாலம்மாள் எழுதுகிறேன். சாரல் நன்றாக விழுகிறது, முழங்கால் நன்றாக வலிக்கிறது, மற்றபடி குறையில்லை. உன் வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? அந்த மெஸ்காரனிடம் சொல்லிக் காரத்தைக் குறைத்துக்கொள்.

நேற்று நீ போன் செய்ததாகப் பக்கத்துக் கடை முருகம்மாள் சொன்னாள். என் காது கதைதான் உனக்குத் தெரியுமே. ஐந்தருவிக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருஷம் சிப்ஸ் கடை போட்டவளுக்குப் போனில் யார் பேசினாலும் தண்ணீருக்குள் நின்று பேசுகிற மாதிரிதான் கேட்கிறது. நீ எழுதியே போடு. எழுத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். அப்படிச் சொல்லவில்லை என்று நீ பின்னால் மாற்றவும் முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு சீசனிலும் மிஞ்சியதை அரிசிப் பானைக்குப் பின்னால் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். போன வாரம் எடுத்துப் பார்த்தால் நோட்டெல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. சாரல் ஈரம் டின்னுக்குள்ளும் போயிருக்கிறது. அடியில் இருந்த கட்டைப் பிரிக்கவே முடியவில்லை. விளக்குமாற்றுக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்து, அடுப்பங்கரையில் கொடி கட்டிக் காயப் போட்டேன். ஒன்பதாயிரம் போனது போனதுதான். நல்லதாகத் தேறியது இரண்டு லட்சத்து அறுபதாயிரம்.

காய்கிற நோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது எனக்குத் திக்கென்று இருந்தது. உன் அத்தான் போய் ஒன்பது வருஷம். எனக்குப் பிள்ளை இல்லை. நீயும் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டாய். எனக்கு ஐம்பத்து நாலு ஆகிறது. அறுபது வயதில் எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்கு இந்தப் பூஞ்சைக் காசு போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ படித்தவன், கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவன். என்ன செய்யலாம் என்று விவரமாக எழுது.

உன் அக்கா
பாலம்மாள்


கோயம்புத்தூர்
3.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பாண்டி எழுதுகிறேன். வயிறு பரவாயில்லை. முழங்காலுக்குத் தைலம் போட்டுவிட்டு மறுபடியும் போய் எட்டு மணி நேரம் நின்றால் தைலம் என்ன செய்யும்?

ரூபாய் நோட்டைக் கொடியில் காயப்போட்ட ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய். எங்கள் ஸ்டோரில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

டின்னை முதலில் தூக்கிப் போடு. இரண்டு லட்சத்தைப் பாங்கில் ஐந்து வருஷ டெபாசிட்டாகப் போடு. அறுபதாயிரம் கடைக்கு இருக்கட்டும். இனி வருவதில் மாதம் ஐயாயிரம் மியூச்சுவல் ஃபண்டில் போடு. எஸ்ஐபி என்பார்கள். மாதாமாதம் பாங்கே எடுத்துக் கட்டிவிடும். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ஜாய் என்று ஒரு அம்மா இதற்கென்றே ஆபீஸ் வைத்திருக்கிறார், என்னோடு படித்த பையனின் தங்கச்சி. நேர்மையான ஆள், ஆனால் ரொம்பப் பயந்தவர். ஷேரில் நேராக இறங்காதே என்று எனக்கே புத்தி சொன்னார்.

உன் தம்பி அப்படியெல்லாம் பயப்படவில்லை. ஷேரில் எனக்குப் பத்து லட்சம் சேர்ந்திருக்கிறது. நீ அறுபதில் உட்காரு, நான் ஐம்பத்தைந்திலேயே உட்கார்ந்து காட்டுகிறேன்.

அன்புத் தம்பி
பாண்டித்துரை


வடகரை
11.8.2024

தம்பிக்கு,

இங்கே கூட்டத்தில் மூச்சுவிட நேரமில்லை. நேந்திரங்காய் விலை ஏறிவிட்டது, என் உடம்பு இறங்கிவிட்டது. நீ சௌகரியம்தானே?

ஜாயைப் பார்த்தேன். கையெழுத்து, கைரேகை, போட்டோ என்று பாடாய்ப்படுத்திவிட்டாள். உனக்குப் பின்னால் இந்தப் பணம் யாருக்கு என்று ஒரு இடத்தில் கேட்டாள். யோசிக்காமல் குற்றாலநாதர் பெயரைச் சொன்னேன். உறவு என்று கேட்டாள், அப்பா என்றேன். அந்தப் பிள்ளை சிரிக்காமல், சாமிக்கு ஆதார் கார்டு இல்லையே அக்கா என்றாள். அப்புறம் உன் பெயரைப் போட்டேன். சாமி கோபிக்காது.

இதைவிட இன்னொன்று கேள். ஐந்தாம் தேதி ஐயாயிரத்தை மஞ்சள் பையில் வைத்து, நாலு மங்குஸ்தானும் எடுத்துக்கொண்டு ஜாய் ஆபீஸுக்குப் போனேன். சீட்டுக் கட்டுகிற வழக்கம் அப்படித்தானே. கையில் கொடுத்து, நோட்டில் வரவு வைப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் கட்டின மாதிரி. அவளோ பணம் காலையிலேயே பாங்கிலிருந்து போய்விட்டது என்கிறாள். யாரும் வரவில்லை, யாரும் கேட்கவில்லை, பணம் தானாகப் போயிருக்கிறது. நான் கதவைப் பூட்டியிருக்கும்போதே ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. மங்குஸ்தானை மட்டும் வாங்கிக்கொண்டாள். சீட்டு எனக்கு எந்த மாதம் விழும் என்று கேட்டேன். இதில் உங்களுக்கு மட்டும்தான் அக்கா விழும், வேறு ஆளே கிடையாது என்றாள்.

அக்கா


கோயம்புத்தூர்
26.8.2024

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன், புண்ணும் ஆறிவிட்டது.

ஒரு சந்தோஷம். ஆப்ஷன் என்று ஒன்று இருக்கிறது. விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே சொல்லிப் பணம் கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை டீ இடைவேளையில் ஸ்டோர் ரூமில் நின்றுகொண்டே முப்பத்தெட்டாயிரம் சம்பாதித்தேன். என் ஒரு மாதச் சம்பளம் இருபத்தாறு. உன் எஸ்ஐபி நல்லதுதான், ஆனால் அது மினிபஸ். நடந்து போகிறவர்கள்கூட முந்திவிடுவார்கள்.

பாண்டி


வடகரை
22.9.2024

அன்புத் தம்பிக்கு,

சீசன் முடிந்தது. முழங்காலில் நீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். நீ நேரத்துக்குத் தூங்குகிறாயா?

இன்றைக்கு ஜாய் கம்ப்யூட்டரில் என் கணக்கைக் காட்டினாள். நான் கட்டினது பத்தாயிரம். அங்கே பத்தாயிரத்து இருநூற்று எண்பத்தேழு என்று இருந்தது. தப்பாக ஏறியிருக்கிறது, யாருடையது என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடு என்றேன். அது உங்களுடையதுதான் என்றாள்.

பாண்டி, எனக்கு உடம்பெல்லாம் ஒருமாதிரி ஆகிவிட்டது. விவரம் தெரிந்த நாள் முதல் ஒரு ரூபாய் வந்தால் அதற்கு நான் ஒரு காரியம் செய்திருப்பேன். காய் சீவியிருப்பேன், எண்ணெய்ச் சூட்டில் நின்றிருப்பேன், அரை கிலோவுக்குப் பத்து ரூபாய் பேரம் பேசுகிறவளிடம் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். இந்த இருநூற்று எண்பத்தேழு ரூபாய்க்கு நான் என்ன செய்தேன்? தூங்கியிருக்கிறேன். தூங்கினவளுக்கு யார் கொடுத்தார்கள்?

ஜாய் பொறுமையாகச் சொன்னாள். சோப்பு போடுகிற கம்பெனி, சிமெண்டு கம்பெனி, மருந்து கம்பெனி எல்லாவற்றிலும் உங்களுக்கு ஒரு பொட்டு இடம் இருக்கிறது, அங்கே வேலை நடக்கிறது என்றாள். திரும்பி வரும்போது இலஞ்சி ரோட்டில் ஒரு சிமெண்டு லாரி போனது. ஒதுங்கி நின்று அது மறைகிறவரை பார்த்தேன். எங்கேயோ யாரோ என் முகம் தெரியாமல் எனக்காகவும் மூட்டை தூக்குகிறார்கள். இத்தனை பெரிய உலகத்தில் ஐந்தருவி பாலம்மாளுக்கு ஒரு பொட்டு இடம். நினைத்தால் கண் கலங்குகிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை. நீ டீ குடிக்கிற நேரத்தில் சம்பாதித்தாயே, அந்த முப்பத்தெட்டாயிரத்துக்கு எங்கே வேலை நடந்தது? அது யாரிடமிருந்து வந்தது? ஜாயிடம் கேட்டேன். இன்னொருத்தர் தோற்றது என்று சொன்னாள்.

அக்கா


வடகரை
4.12.2024

தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வேலை ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது?

நான் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். அக்டோபரில் அருவியில் ஆள் இல்லை, கடையில் வரவில்லை, பாங்கில் ஆயிரத்து நூறுதான் கிடந்தது. ஐந்தாம் தேதி வழக்கம்போல ஐயாயிரம் எடுக்க வந்து, இல்லாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் அபராதம். எனக்கு மானம் போய்விட்டது. மாதச் சம்பளக்காரர்களுக்காக எவனோ போட்ட ஏற்பாடு இது, நமக்குச் சாரலில் மூன்று மாதமும் ஐயப்ப சாமிமார் வருகிற இரண்டு மாதமும்தானே பிழைப்பு என்று ஜாயிடம் சண்டை போட்டேன். அவள் யோசித்து வேறு வழி செய்தாள். சீசனில் வருவதை மொத்தமாக, ஏறாமல் இறங்காமல் இருக்கிற ஒரு ஃபண்டில் போட்டுவிடுகிறோம். அங்கிருந்து மாதம் ஐயாயிரம் தானாகப் பழைய ஃபண்டுக்குப் போகிறது. இப்போது மாலை போட்ட கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. இருபதாயிரம் போட்டுவிட்டேன்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா


கோயம்புத்தூர்
9.2.2025

அக்கா,

ஒரு அவசரம். உன் டெபாசிட் இரண்டு லட்சத்தையும் எடுத்து என் கணக்குக்கு அனுப்ப முடியுமா? முன்கூட்டி எடுத்தால் வட்டிதான் கொஞ்சம் குறையும். மூன்று வாரத்தில் இரண்டரையாகத் திருப்பித் தந்துவிடுகிறேன். இந்தச் சமயத்தை விட்டால் போனதைப் பிடிக்க முடியாது. ஜாயிடம் சொல்ல வேண்டாம்.

பாண்டி


வடகரை
17.2.2025

அன்புத் தம்பிக்கு,

என் முழங்காலைப் பற்றி நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன், வலிக்கிறது.

உன் கடிதத்தை ஆறேழு தடவை படித்தேன். எதற்கு என்று எழுதவில்லை. போனதைப் பிடிப்பது என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு போனது என்று எழுதவில்லை. பொங்கலுக்கு உன் கம்பெனி முகவரிக்கு அனுப்பின சிப்ஸ் பார்சல், இந்த ஆள் இப்போது இங்கே இல்லை என்று திரும்பி வந்தது. நீயாகச் சொல்வாய் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

என்னுடையதும் இறங்கித்தான் இருக்கிறது. கட்டினது முப்பதாயிரம், நேற்று இருபத்தேழாயிரத்து நானூறு. முதல் நாள் சோறு இறங்கவில்லை. கம்பெனிகளெல்லாம் மூடிவிட்டார்களா என்று ஜாயிடம் கேட்டேன். இல்லை, எல்லாரும் வேலைக்கு வருகிறார்கள் என்றாள். அப்படியென்றால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாண்டி, இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டு லட்சம் என்ன என்று உனக்குத் தெரியும். அது போனால் நான் அறுபதிலும் நிற்பேன், எழுபதிலும் நிற்பேன். இருந்தாலும் நீ கேட்டிருக்கிறாய். வந்து என் எதிரில் உட்கார்ந்து, எதற்கு என்று சொல்லிக் கையில் வாங்கிக்கொண்டு போ. கண்ணால் பார்க்காமல் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

எதிர்பார்க்கும்
அக்கா


கோயம்புத்தூர்
2.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். பதில் எழுத இரண்டரை மாதம் ஆகிவிட்டது. பிப்ரவரியில் இரண்டு தடவை தென்காசி பஸ்ஸில் ஏறி மதுரையிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன்.

உன் எதிரில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். பத்து லட்சமும் போய்விட்டது. அதைப் பிடிக்கிறேன் என்று நவம்பரில் வேலையை விட்டேன். பிஎஃப் பணம் நாலு லட்சம் வந்தது, அதுவும் போய்விட்டது. மேலே மூன்று லட்சம் கடன். முப்பத்தெட்டாயிரம் யாரிடமிருந்து வந்தது என்று நீ கேட்டாயே, அந்தக் கடிதத்தை அன்றைக்கு எரிச்சலோடு கிழித்துப் போட்டேன். இப்போது அந்த இன்னொருத்தன் நான்தான். உனக்குப் பாடம் சொல்ல வந்தவன் நான்.

உன் டெபாசிட்டை எனக்குத் தராததற்கு உனக்குப் பெரிய கும்பிடு.

கடைசியாக ஒன்று. என் பெயரில் பன்னிரண்டு லட்சத்துக்கு ஒரு இன்சூரன்ஸ் இருக்கிறது. உன்னைத்தான் நாமினியாகப் போட்டிருக்கிறேன். அந்தப் பேப்பர் என் அறைப் பீரோவின் மேல்தட்டில் நீல உறையில் இருக்கிறது. அறைச் சாவி கீழ்வீட்டு அம்மாவிடம் இருக்கும். கடனெல்லாம் போக ஒன்பது லட்சம் உனக்கு மிஞ்சும். நீ அறுபதுவரை நிற்க வேண்டியதில்லை, உடனேயே உட்கார்ந்துவிடலாம். ஜாய் நல்ல ஆள், அவர் சொல்கிறபடி கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

பாண்டித்துரை


பஸ்ஸில், திண்டுக்கல் தாண்டி
6.5.2025

பாண்டி,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கோயம்புத்தூருக்கு என் மடியில்தான் வருகிறது. உன்னைப் பார்த்ததும் நான் அழுதுவிடுவேன், நீ பேசுவதும் என் காதில் சரியாக விழாது. அதனால் நீ இதைப் படி. நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்றுப் பகல் பன்னிரண்டு மணிக்கு உன் கடிதம் வந்தது. கடைசிப் பத்தியைப் படித்ததும் செருப்பைக்கூடப் போடாமல் ஆட்டோவில் ஏறி ஜாய் ஆபீஸுக்குப் போனேன். அவள் உனக்குப் போன் போட்டு என் நல்ல காதில் வைத்தாள். ஏழு தடவை அடித்தது. நீ எடுத்தாய். என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை, உன் சத்தம் கேட்டது, அது போதும். “ஏலே பாண்டி, நான் வருதேன். எங்கயும் போவாத, கதவத் தொறந்து வை” என்று நான் கத்தினது உனக்குக் கேட்டிருக்கும், பஸ் ஸ்டாண்டுக்கே கேட்டிருக்கும். உன்னிடமே நம்பர் கேட்டு வாங்கி, கீழ்வீட்டு அம்மாவிடமும் ஜாய் பேசினாள். ராத்திரி அவர் மகனை உன் அறையில் படுக்கச் சொன்னதும் நான்தான். அதற்காக என் மேல் கோபப்படு, பரவாயில்லை.

எனக்கும் உன்மேல் கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. பதினாலு லட்சத்துக்கு இல்லை. இரண்டு தடவை மதுரைவரை வந்துவிட்டுத் திரும்பினாயே, அதற்கு.

போன் வைத்த பிறகு அங்கேயே பெஞ்சில் கிடந்தேன். கொஞ்சம் தெளிந்ததும் ஜாயிடம், இந்த உட்காருகிற கணக்கு என்று ஒன்று இருக்குமே, அதை இப்போதே போடு என்றேன். ஒரு தாளை எடுத்தாள். முதல் கேள்வி, எத்தனை பேருக்கு. இரண்டு பேருக்கு என்றேன். அடுத்த கேள்வி, எத்தனை வயதுவரை இருப்பீர்கள்.

நான் அவள் முகத்தையே பார்த்தேன். பாண்டி, ஐம்பத்தைந்து வருஷத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. நம் அம்மா ஐம்பத்தெட்டில் போனாள், அப்பா அறுபத்தொன்றில். எழுபது என்றேன். பணம் உங்களுக்கு முன்னால் தீர்ந்துவிடக் கூடாது அக்கா, தாராளமாகச் சொல்லுங்கள் என்றாள். எண்பத்தைந்து என்று என் கையால் எழுதினேன். எழுதின பிறகு கணக்குப் பார்த்தால் இன்னும் முப்பது வருஷம். நான் கடை போட்ட காலத்தைவிட அதிகம். இவ்வளவு ஆயுசு எனக்கு முன்னால் கிடக்கிறதா என்று மலைத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் என் பணத்தை மட்டும்தான் எண்ணினேன். என் நாளை எண்ணிப் பார்த்ததே இல்லை.

அறுபதில் உட்கார முடியாதாம். இரண்டு பேரும் சேர்ந்து உழைத்து, சீசனில் நான் போடுகிற மாதிரி நீயும் போட்டால், அறுபத்தாறில் உட்காரலாம் என்று கணக்கு வருகிறது. ஆறு வருஷம் கூட நிற்பேன். நிற்பது எனக்குப் புதிதில்லை. டெபாசிட்டை உடைக்கப் போவதில்லை. உன் கடனை நீதான் மாதாமாதம் கட்ட வேண்டும், தவணைக்கு ஜாய் பேசிப் பார்க்கிறாள். அடுத்த மாதம் சாரல் தொடங்கிவிடும். காய் சீவ எனக்கு ஆள் வேண்டும். கூலி உண்டு, உன் போன் என்னிடம் இருக்கும்.

வேறு வரவு ஏதாவது உண்டா, இன்சூரன்ஸ் மாதிரி என்று ஜாய் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த நீல உறை என் கணக்கில் வராது.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். என் கட்டத்தில் எண்பத்தைந்து இருக்கிறது. உன் கட்டம் காலியாக இருக்கிறது. நான் எழுத மாட்டேன் என்று ஜாயிடம் சொல்லிவிட்டேன். பேனா இந்தா. உன் கையால் எழுது. எத்தனை நேரம் ஆனாலும் நான் இருக்கிறேன்.

அக்கா


அந்தக் கணக்குத் தாளின் பின்பக்கத்தில், பாண்டித்துரையின் கையெழுத்தில்:

அக்கா,

எதிரில் இருந்துகொண்டு என்னையே பார்க்காதே, கை ஓடமாட்டேன் என்கிறது.

நீ எண்பத்தைந்து போட்டிருக்கிறாய். அன்றைக்கு எனக்கு எண்பத்தொன்று. உனக்குக் கொள்ளி வைக்க வேறு ஆள் இல்லை, நான்தான் இருக்க வேண்டும். வருஷத் திதியும் கொடுத்துவிட்டுத்தான் நான் கிளம்ப முடியும்.

எண்பத்திரண்டு.